வீட்டையும் பொருளையும் உடம்பளவுக்குச் செய்வது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூரில், சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ புதிதாக எழும்பும் ஒரு வீட்டுக்குள் போய், சமையல் மேடை எவ்வளவு உயரம் என்று கேட்டுப் பாருங்கள். 'ரெண்டே முக்கால் அடி' என்றோ 'மூணு அடி' என்றோ மேஸ்திரி யோசிக்காமல் சொல்வார். யாருக்காக அந்த உயரம் என்று கேட்டால் பதில் வராது. எல்லா வீட்டுக்கும் அதுதான் வழக்கம். அந்த மேடை முன்னால் தினமும் நிற்கப்போகிறவரின் முழங்கை தரையிலிருந்து எத்தனை அங்குலத்தில் இருக்கிறது என்று யாரும் டேப்பு பிடித்திருக்க மாட்டார்கள். பிடித்தால் கால் மணி நேர வேலை.

வீடு கட்டுகிறவர்கள், மரவேலை செய்கிறவர்கள், கட்டடக்கலையும் பொருள் வடிவமைப்பும் படிக்கும் மாணவர்கள் எல்லோருக்கும் பயன்படும்படி இந்த முறையை எழுதுகிறேன். இதில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும்: இந்த அளவை முடிவு செய்ய வேண்டியது யாருடைய உடம்பு?

விகிதமா, அளவா?

உடம்பால் அளப்பது நமக்குப் புதிதில்லை. பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம். வேலூர் லாங்கு பஜார் பக்கம் பூ வாங்கினால் இன்றும் முழக்கணக்குதான். 'எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்' என்பதிலும் ஓர் அளவு இருக்கிறது: அவரவர் கையால் அவரவர் எட்டுச் சாண். சிற்பிகள் முகத்தின் நீளத்தைத் தாலம் என்று வைத்து உருவம் முழுவதையும் கணக்கிட்டார்கள். உத்தம தசதாலம் என்ற பத்துத் தாலக் கணக்கில் மொத்தம் 124 அங்குலம். இது டேப்பு அங்குலம் இல்லை, சிலையின் உயரத்தைப் பகுத்துக் கிடைக்கும் அங்குலம். ஐரோப்பாவில் லெ கொர்பூசியே என்ற கட்டடக் கலைஞர் 1.83 மீட்டர் உயர மனிதனையும், அவன் கை தூக்கினால் வரும் 2.26 மீட்டரையும் வைத்து ஒரு விகித முறையை உருவாக்கினார். சண்டிகரில் அவர் எழுப்பிய கட்டடங்களில் அந்த முறை இருக்கிறது.

விகிதம் சிலைக்கு அழகு தரும். உட்காரும் நாற்காலிக்கு அதை நம்ப முடியாது. நம் நாட்டுப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 செ.மீ. 183 செ.மீ. ஆளுக்குப் போட்ட கணக்கைச் சுருக்கி இவருக்குத் தைத்துவிட முடியாது. உயரம் ஒன்றாக இருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு முதுகு நீளம். ஆகவே எந்த உறுப்பு பொருளைத் தொடுகிறதோ அதையே நேராக அளக்க வேண்டும்.

முதல் படி: யார், எந்த நிலையில்?

வரைபடத்தில் கோடு போடுமுன் ஒரு தாளில் எழுதுங்கள். பொருளைப் பயன்படுத்துகிறவர் யார், நின்றா உட்கார்ந்தா, நாற்காலியிலா தரையிலா, ஒரு முறை எவ்வளவு நேரம், கையில் என்ன இருக்கும், காலில் செருப்பு இருக்குமா, புடவையா லுங்கியா.

மேற்கத்திய அளவு அட்டவணைகளை அப்படியே எடுத்தால் இங்கேதான் இடறும். அவற்றில் காலணிக்கென்று 25 மி.மீ. அளவில் சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள். நம் சமையலறையில் செருப்பே இல்லை. தரையில் சம்மணமிட்டு உட்காருவது, குத்துக்காலிட்டு உட்காருவது போன்றவை அவற்றில் பெரும்பாலும் இருக்காது. இந்திய உடம்பளவுகளைத் தொகுத்து தேவ்குமார் சக்ரவர்த்தி உருவாக்கிய தொகுப்பை அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகம் 1997இல் வெளியிட்டது. படிக்கும் மாணவர்கள் அதிலிருந்து தொடங்குங்கள். ஆனால் பயன்படுத்தப்போகிறவர் எதிரிலேயே இருந்தால் எந்த அட்டவணையும் அவருக்கு ஈடாகாது. அவரையே அளந்துவிடுங்கள்.

இரண்டாம் படி: அளப்பது

பெரிய கருவி வேண்டாம். எஃகு டேப்பு, தச்சர் வைத்திருக்கும் மூலமட்டம், சமமான தரை, நேரான சுவர், மெத்தை இல்லாத கெட்டியான ஸ்டூல், பென்சில் போதும். பெண்களைப் பெண்களே அளக்கட்டும். எதற்கு அளக்கிறோம் என்று முதலில் சொல்லி, சம்மதம் கேட்டுவிடுங்கள். 'அம்மா, உங்க மேடை உசரத்துக்குத்தான், முழங்கையை மட்டும் அளந்துக்கறோம்' என்றால் யாரும் தயங்க மாட்டார்கள்.

நிற்கும் உயரத்துக்கு, வெறுங்காலோடு குதிகால், பின்பக்கம், தோள்பட்டை மூன்றும் சுவரைத் தொட நிற்கச் சொல்லுங்கள். கண்ணின் கீழ் விளிம்பும் காதுத் துளையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மோவாயைத் தூக்கினால் அளவு மாறிவிடும். மூலமட்டத்தின் ஒரு கையைச் சுவரில் பதித்து இன்னொரு கையைத் தலைமேல் இறக்கி, முடியை அழுத்தி, சுவரில் கோடு போடுங்கள். காலையில் எடுத்தால் மாலையைவிட ஒரு செ.மீ. வரை கூடுதலாக வரும். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டுகள் பகலில் பாரத்தால் அமுங்குவதுதான் காரணம். எல்லோரையும் ஒரே வேளையில் அளப்பது நல்லது.

முழங்கை உயரம்தான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. மேல்கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, முன்கையைத் தரைக்கு இணையாக மடக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் அளக்கிறார்களே என்று தோளைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வார்கள். மூச்சை விடச் சொல்லிவிட்டு, தோள் இறங்கியதும் முழங்கையின் அடிப்பாகத்திலிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். இதை மூன்று முறை எடுத்து நடுவில் வருவதை எழுதுங்கள்.

உட்காரும் பொருளுக்கு நான்கு அளவு வேண்டும். ஸ்டூலில் தொடை சமமாக இருக்க உட்காரவைத்து, முழங்கால் மடிப்பின் அடியிலிருந்து தரைவரை ஒன்று. பின்பக்கத்திலிருந்து அதே மடிப்புவரை இரண்டு. இடுப்பு அகலம் மூன்று. உட்கார்ந்த இடத்திலிருந்து முழங்கைவரை நான்கு. இவை தவிர கண் உயரம், தோள் அகலம், கையை மேலே நீட்டிப் பிடிக்கும் உயரம், முன்னால் நீட்டிப் பிடிக்கும் தூரம். தரையில் உட்காருகிறவர்களுக்குச் சம்மணமிட்டபோது ஒரு முழங்காலிலிருந்து மற்ற முழங்கால்வரை உள்ள அகலம், தரையிலிருந்து கண் உயரம், தரையிலிருந்து முழங்கை உயரம்.

மூன்றாம் படி: எண்களைப் படிப்பது

ஒரு வீட்டுக்கு என்றால் இந்தப் படியைச் சீக்கிரம் கடக்கலாம். பள்ளிக்கூடம், மருத்துவமனை, சந்தையில் விற்கும் பொருள் என்றால் இதில் நிற்க வேண்டும்.

நூறு பேரைக் குள்ளமானவரில் தொடங்கி உயர வரிசையில் நிறுத்தினால் ஐந்தாவதாக நிற்பவரின் அளவு 5ஆம் சதமானம், தொண்ணூற்றைந்தாவதாக நிற்பவருடையது 95ஆம் சதமானம். கணக்கும் எளிது: திட்ட விலக்கத்தை, அதாவது அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் எண்ணை, 1.645ஆல் பெருக்கி, சராசரியிலிருந்து கழித்தால் முன்னது, கூட்டினால் பின்னது. பெண்களின் சராசரி 152 செ.மீ., திட்ட விலக்கம் 6 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 6 பெருக்கல் 1.645 என்பது 9.87. ஆக 5ஆம் சதமானம் 142, 95ஆம் சதமானம் 162. இரண்டுக்கும் நடுவே 20 செ.மீ., அதாவது ஒரு சாண் இடைவெளி.

சராசரிக்குச் செய்தால் எல்லோருக்கும் ஓரளவு பொருந்தும் என்று நினைப்பது பெரிய தவறு. 1950இல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளை அளந்தது. விமானி அறைக்குத் தேவையான 10 அளவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பத்திலும் நடுத்தரமாக இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் அதிகாரி பார்த்தார். ஒருவர்கூட இல்லை. அதற்கப்புறம்தான் முன்னும் பின்னும் நகரும் இருக்கை, மாற்றிக்கொள்ளும் வார்ப்பட்டை என்று விமானப்படை கேட்கத் தொடங்கியது.

நான்காம் படி: யாருடைய உடம்பு முடிவு செய்கிறது?

நுழையும் இடம், தலைக்கு மேல் உள்ள இடைவெளி, முழங்கால் போகும் இடம் எல்லாவற்றையும் பெரிய உடம்பு முடிவு செய்யும். அவர் நுழைந்தால் மற்றவர்களும் நுழைவார்கள். எட்டிப் பிடிக்கும் சுவிட்சு, அலமாரித் தட்டு, பேருந்துக் கைப்பிடி இவற்றைச் சின்ன உடம்பு முடிவு செய்யும். அவருக்கு எட்டினால் மற்றவர்களுக்கும் எட்டும். நீண்ட நேரம் ஒரே நிலையில் இருக்கும் மேடை, நாற்காலி, தையல் இயந்திரம் போன்றவை ஏற்றி இறக்கக்கூடியவையாக இருக்க வேண்டும். முடியாவிட்டால் அதிக நேரம் பயன்படுத்துகிறவரின் அளவில் இருக்க வேண்டும்.

ஒரே பொருளிலேயே இரண்டும் வரும். வேலூர் மருத்துவமனைகளின் காத்திருப்புக் கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆந்திரத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து மணிக்கணக்கில் உட்காருகிறார்கள். பெஞ்சு உயரத்தைச் சின்ன உடம்பு முடிவு செய்யும். 152 செ.மீ. பெண்ணின் முழங்கால் மடிப்பு ஏறத்தாழ 37 செ.மீ. உயரத்தில் இருக்கும். கடையில் கிடைக்கும் 45 செ.மீ. இருக்கையில் உட்கார்ந்தால் பாதம் தரையில் பதியாது. தொடையின் அடிப்பக்கம் அழுந்தி, கொஞ்ச நேரத்தில் கால் மரத்துப்போகும். ஆழத்தையும் அவரே முடிவு செய்வார், 40 செ.மீ. தாண்டக் கூடாது. அகலத்தைப் பெரிய உடம்பு முடிவு செய்யும். ஆனால் முட்டி வலி உள்ள பெரியவர்களுக்குத் தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுவது கஷ்டம். அவர்களுக்கு 45 செ.மீ.யும் பிடித்து எழக் கைப்பிடியும் வேண்டும். ஒரே கூடத்தில் இரண்டு உயரத்தில் பெஞ்சு போடுவதே சரியான தீர்வு என்பது என் உறுதியான எண்ணம். செலவு அதிகமாகாது, ஆர்டர் கொடுக்கும்போது இரண்டு அளவு எழுதினால் போதும்.

ஐந்தாம் படி: சமையல் மேடையில் செய்து பார்ப்பது

வீட்டுப் பெண்ணின் முழங்கை உயரம் 95 செ.மீ. என்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காய் நறுக்குவது போன்ற லேசான வேலைக்குக் கை முழங்கைக்கு 5 முதல் 10 செ.மீ. கீழே இருந்தால் சுகம். மேடை 85 முதல் 90. சப்பாத்தி மாவு பிசைய உடம்புப் பாரத்தைக் கைக்குக் கொடுக்க வேண்டும், ஆகவே 15 முதல் 20 செ.மீ. கீழே. மேடை 75 முதல் 80.

அடுப்பில்தான் பெரும்பாலான வீடுகள் தவறுகின்றன. மேடைமேல் வைக்கும் கேஸ் அடுப்பு 12 செ.மீ. போல உயரம். அதன்மேல் சாம்பார் பாத்திரம் 18 செ.மீ. மொத்தம் 30. மேடை 85 என்றால் பாத்திரத்தின் விளிம்பு 115இல் நிற்கிறது, முழங்கையைவிட 20 செ.மீ. மேலே. கிளறும் ஒவ்வொரு முறையும் தோள் தூக்கித்தான் இருக்கும். பாத்திரத்துக்குள் எட்டிப் பார்க்கக் குதிகாலும் எழும். நாள் முடிவில் தோள்பட்டை வலிக்கிறது என்றால் வயதை மட்டும் சொல்லிப் பயனில்லை. அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் 70 செ.மீ.க்கு இறக்கிக் கட்டுங்கள். முழுதும் இறக்க மனமில்லாவிட்டால் 75க்காவது இறக்குங்கள்.

தொட்டிக்குக் கணக்கு தலைகீழ். பாத்திரம் விளக்கும் கை தொட்டியின் அடியில்தான் இருக்கும். 20 செ.மீ. ஆழத் தொட்டியை 80 செ.மீ. மேடையில் பதித்தால் அடி 60இல் போய்விடும், முதுகு வளைந்தே தீரும். தொட்டியின் விளிம்பை 90க்கு ஏற்றி, ஆழம் குறைந்த தொட்டியாகப் போடுங்கள். ஆக, ஒரே மேடையில் மூன்று உயரம். கிரானைட் ஒரே நீளமாக வராமல் துண்டாகிறதே என்று மேஸ்திரி சொல்வார். ஆகட்டும்.

மேடை அகலம் 60 செ.மீ. அடியில் பாதம் போக 10 செ.மீ. உயரமும் 8 செ.மீ. ஆழமும் விட்டால்தான் வயிறு மேடையை ஒட்டி நிற்கலாம். 60 செ.மீ. மேடைக்கு மேலாக எட்டி எடுப்பதால், மேலே உள்ள தட்டில் தினம் எடுக்கும் சாமான் 165 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஏழடியில் இருக்கும் பரண் வருடத்துக்கொரு முறை எடுக்கும் அண்டாவுக்கு மட்டும்.

தரையில் உட்காருகிறவர்கள்

குடியாத்தம் பக்கமும் வேலூரைச் சுற்றியும் பீடி சுற்றும் பெண்கள் மடியில் முறம் வைத்துத் தரையில்தான் உட்காருகிறார்கள். அவர்கள் வீட்டு ஜன்னலைப் பாருங்கள். அடிமட்டம் வழக்கம்போல மூன்றடி, 90 செ.மீ. தரையில் உட்கார்ந்தால் அவர்கள் கண் 68 அல்லது 70 செ.மீ. உயரத்தில் இருக்கும். ஜன்னல் வழியே தெரு தெரியாது, வானம்தான் தெரியும். மே மாத வேலூர் வெயிலில் வரும் காற்றும் தலைக்கு மேலேயே போய்விடும். உட்கார்ந்து வேலை செய்யும் அறையில் ஜன்னலின் அடிமட்டத்தை 45 செ.மீ.க்கு இறக்குங்கள். குழந்தைகள் இருந்தால் கம்பி இடைவெளியை 10 செ.மீ.க்குள் வையுங்கள். செலவு ஏறக்குறைய அதே. பலகை போடுவதாக இருந்தால் மேற்பரப்பு முழங்கை மட்டத்தில், தரையிலிருந்து 20 முதல் 25 செ.மீ.யில் இருக்கட்டும். முழங்கால் அடியில் நுழைய வேண்டும் என்பதால் சட்டம் மெல்லியதாக இருக்கட்டும். ஒருவருக்கு 75 செ.மீ. அகலம் ஒதுக்குங்கள், சம்மணம் முட்டாது. முதுகுக்குச் சாய ஒரு பலகை, அவ்வப்போது காலை நீட்ட முன்னால் இடம்.

படிக்கட்டு

ஒரு படியின் உயரமான ஏற்றத்தை இரண்டால் பெருக்கி, கால் வைக்கும் மிதியின் அகலத்தைக் கூட்டினால் நடக்கும்போது வைக்கும் ஒரு காலடியின் அளவு வர வேண்டும், அதாவது 60 முதல் 64 செ.மீ. குள்ளமானவர்கள், வயதானவர்கள் அதிகம் என்றால் 60ஐப் பிடியுங்கள்: ஏற்றம் 15, மிதி 30. தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீடுகளுக்கு ஏற்றம் 19 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, மிதி 25க்குக் குறையக் கூடாது என்கிறது. அது எல்லை மட்டுமே, அதையே இலக்காக வைக்காதீர்கள். கைப்பிடிக் குழாய் 4 செ.மீ. விட்டத்தில் இருந்தால் விரல்கள் முழுதாகச் சுற்றும். சதுரமான பெரிய மரக்கட்டை பார்க்க நன்றாக இருக்கலாம், கால் தடுக்கும்போது கைக்குள் அடங்காது.

சக்கர நாற்காலி

டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்தார், பிறகு வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மறுவாழ்வுத் துறையை நடத்தினார். அவர் வாழ்ந்த ஊரில் கழிப்பறைக் கதவை இரண்டடி அகலத்தில் வைப்பது வருத்தமான விஷயம். கதவு திறந்த பின் 90 செ.மீ. இடைவெளி, நாற்காலி திரும்ப 150 செ.மீ. வட்டம், சாய்தளத்துக்கு ஓர் அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். இன்று வீட்டில் யாருக்கும் தேவைப்படாமல் இருக்கலாம். சுவர் எழும்பிய பின் கதவை அகலமாக்குவது கஷ்டம், ஆகவே முதலிலேயே வைத்துவிடுங்கள்.

கால்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலும் காலணியுமாக வாழும் பகுதி இது. ஆனால் இங்கே பல காலமாக வெளிநாட்டுக் காலின் வடிவில் செதுக்கிய அச்சுக்கட்டையில்தான் காலணி தைத்தோம். சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து, இந்தியர்களுக்கென்று 'பா' என்ற அளவுமுறையை முன்வைத்திருக்கிறது. நம் பாதம் பொதுவாக அகலம் என்பது அதில் தெரிந்தது. அகலத்துக்காக ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, நீளத்தில் காலியாக விடுகிறோம்.

பாதத்தை மாலையில் அளந்துகொள்ளுங்கள், பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். தாளில் இரண்டு காலிலும் பாரம் போட்டு நிற்க வேண்டும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வரையுங்கள். குதிகாலிலிருந்து நீளமான விரல்வரை அளந்துகொள்ளுங்கள், சிலருக்குக் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம். கட்டைவிரல் மூட்டையும் சுண்டுவிரல் மூட்டையும் சுற்றி ஒரு சுற்றளவு. பாதம் 250 மி.மீ. என்றால் விரல் அசைய 15 மி.மீ. சேர்த்து 265. ஐரோப்பிய அளவில் ஒரு சைஸ் 6.67 மி.மீ., ஆகவே 265ஐ அதால் வகுத்தால் கிட்டத்தட்ட 40. இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுங்கள்.

தொழுநோயால் உணர்விழந்த பாதங்களுக்கு இந்த வழக்கமான அளவு போதாது. கல் குத்தினாலும் வலிக்காது, ஒரே இடத்தில் பாரம் இறங்கிப் புண்ணாகும். தொழுநோய் அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் வேலூரிலும் பக்கத்தில் உள்ள கரிகிரியிலும் நுண்துளை ரப்பர் அடி வைத்த செருப்புகளை அதற்காகத்தான் கொண்டுவந்தார்கள். பாரம் எங்கே இறங்குகிறது என்பதும் ஓர் அளவு என்பதை இந்த மாவட்டத்துக்காரர்கள் மற்றவர்களுக்கு முன்பே பார்த்திருக்கிறார்கள்.

கடைசிப் படி: மாதிரி வைத்து, பிறகு எழுதிக் கொடுப்பது

தாளில் வந்த எண்ணை அப்படியே கட்டாதீர்கள். செங்கல்லை அடுக்கி மேலே பலகை போட்டு, அடுப்பை வைத்து, பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அந்த அம்மாவையே வந்து கிளறச் சொல்லுங்கள். அரை மணியாவது நிற்கட்டும். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் மரியாதைக்கு 'நல்லாத்தான் இருக்கு' என்பார்கள். கேட்பதைவிட தோள் ஏறுகிறதா, முதுகு வளைகிறதா என்று பார்ப்பது மேல். ஒரு பலகை எடுத்து, ஒரு பலகை சேர்த்து, இரண்டு செ.மீ. மாற்றங்களாகச் சோதியுங்கள்.

அளவு முடிவானதும் மேஸ்திரியிடம் வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். 'மேடை 75' என்று மட்டும் எழுதினால் அவர் அன்றைக்கு இருக்கும் கரடுத் தரையிலிருந்து அளப்பார். அப்புறம் தரைக்குக் கலவையும் டைல்ஸும் சேர்ந்து 5 செ.மீ. ஏறும், மேடைக்குக் கிரானைட் 2 செ.மீ. ஏறும். நீங்கள் அளந்த முழங்கைக்கும் கட்டிய மேடைக்கும் 3 செ.மீ. வித்தியாசம் வந்துவிடும். படிக்கட்டில் இதுவே இன்னும் ஆபத்து, முதல் படியும் கடைசிப் படியும் மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் கால் தடுக்கும். 'டைல்ஸ் ஒட்டிய தரையிலிருந்து கிரானைட் மேற்பரப்புவரை 75 செ.மீ., இரண்டடி ஐந்தரை அங்குலம்' என்று செ.மீ.யிலும் அங்குலத்திலும் எழுதி, முடிந்த தரைமட்டத்தைச் சுவரில் ரசமட்டம் வைத்துக் கோடாகப் போட்டுவிடுங்கள். கல் பதிக்கும் நாளில் அந்தக் கோட்டிலிருந்து ஒரு முறை நீங்களே டேப்பு பிடித்துப் பார்த்துவிடுங்கள்.